கோட்டைக்குக் கிழக்கே

செஞ்சியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில். 1677இல் சிவாஜி பிடித்தார். 1690 முதல் எட்டு ஆண்டுகள் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை வெளியே கிடந்தது. 1714இல் தேசிங்கு ராஜன் மாண்டு கூத்துக்கும் கும்மிக்கும் கதையானார். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். அதற்குப் பிறகு விடுமுறை நாள்களில் நுழைவுச் சீட்டு வரிசை நீண்டுவிட்டது என்று இளநீர் விற்கிறவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

கோட்டை நல்ல கோட்டைதான். ஆனால் அது இந்த வட்டாரத்தின் பழைய பொருள் அல்ல. அதற்கும் ஆயிரம் ஆண்டு மூத்தது ஒன்று, கோட்டைக்கு வடக்கிலும் கிழக்கிலும் சின்னச் சின்னக் குன்றுகளிலும், அவற்றின் அடியில் உள்ள ஊர்களிலும் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரே வழி, ஊர் ஊராக நடப்பது. இடையில் வெயில் ஏறினால் டவுன் பஸ்.

முதலில் திருநாதர்குன்று. சிங்கவரம் போகும் வழியில் வயலுக்கு நடுவே தனியாக நிற்கிறது. ராஜகிரியின் 800 அடியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது குன்றாகவே தோன்றாது. ஏறினால், உச்சியில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசை. எல்லாரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே மாதிரி கண்ணை மூடியிருக்கிறார்கள். சைவ, வைணவக் கோயில்களில் ஆயுதமும் வாகனமும் வைத்து தெய்வத்தை அடையாளம் கண்டு பழகிய நமக்கு, யார் ரிஷபதேவர், யார் மகாவீரர் என்று பிரித்துச் சொல்ல வராது. பிரிக்க வேண்டாம் என்றே சிற்பி நினைத்திருக்கலாம்.

அதைவிட என்னை நிறுத்தியது பக்கத்தில் உள்ள எழுத்து. ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு. தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தின் கை. 57 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நினைவிடம் இது என்கிறது. யார் ஆட்சியில், யார் கொடையில் என்ற பேச்சே இல்லை. அரசன் பெயர் இல்லாத கல்வெட்டு இந்த நாட்டில் எனக்கு எப்போதும் கூடுதல் நம்பிக்கை தருவது. அதே பாறையில் சில நூற்றாண்டு கழித்து இன்னொருவர், இளையபடாரர், 30 நாள் நோன்பிருந்து முடித்ததும் பதிவாகியிருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த வழக்கத்துக்கு நாள் கணக்கோடு கல்லில் சான்று வேண்டுமென்றால் இங்கே வரவேண்டும். இது பழங்கதையும் அல்ல. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலை என்று சொல்லித் தடுத்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வாழ்வை விடுவதும் உயிரை மாய்த்துக்கொள்வதும் ஒன்றா என்று டெல்லியில் வாதாடியவர்கள் யாரும் சந்திரநந்தியைச் சாட்சிக்கு அழைத்ததாகத் தெரியவில்லை.

குன்றின் மேலிருந்து பார்த்தால் பனைமரங்கள், ஏரிக்கரை, அறுப்பு முடிந்த வயல், மல்லாட்டைக் கொல்லை. தொலைவில் கல் உடைக்கும் ஆலையின் தூசி. இந்த வட்டாரத்துப் பாறைகளுக்கு நல்ல விலை உண்டு. எழுத்து இருக்கிற பாறை எது, இல்லாத பாறை எது என்று வெடி வைக்கிறவருக்குத் தெரியாது. தொல்லியல் துறையின் பலகை நடப்பட்ட இடங்கள் தப்பின, அவ்வளவுதான்.

கிழக்கே, நெகனூர்பட்டி. ஊருக்கு வெளியே பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருப்பதால் அடுக்கங்கல் என்று பெயர். ஆடு மேய்க்கும் அம்மா ஒருவரிடம் சமணர் எழுத்து எங்கே என்று கேட்டேன். "சமணரு கிமணரு எனுக்குத் தெரியாது தம்பி, பழைய எழுத்துன்னா அதோ அந்தக் குண்டாண்ட போ" என்று கோலால் காட்டினார். காட்டிய இடம் சரியானது. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் வெட்டிய தமிழ்ப் பிராமி. பெரும்புகையைச் சேர்ந்த சேக்கந்தி என்ற துறவியின் தாயார் சேக்கந்தண்ணி செய்வித்த பள்ளி என்பது செய்தி. ஒரு பெண், அதுவும் தாய், தன் பிள்ளை துறவு பூண்டு போனபின் பாறையடியில் தங்குமிடம் செய்து கொடுத்திருக்கிறாள். துறந்தவர்களுக்குத் தாய் கிடையாது என்று தத்துவம் சொல்லட்டும். கல்வெட்டு தாயைத்தான் பேசுகிறது. பெரும்புகை என்ற ஊர் இன்றும் செஞ்சிப் பக்கத்தில் அதே பெயரோடு இருக்கிறது. பேருந்துப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வந்து இந்தப் பாறையில் அதையே பார்க்கும்போது, இடையில் உள்ள ஆண்டுகள் சற்று நேரம் கணக்கில் வராமல் போகின்றன.

அடுத்தது தொண்டூர். குன்றடியில் கற்படுக்கைகள். தமிழ்நாட்டில் எந்த ஊரில் கற்படுக்கை இருந்தாலும் அதை மக்கள் பஞ்சபாண்டவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள்; வனவாசத்தில் அந்த ஐவரும் படுத்த இடங்களைக் கூட்டினால் வனவாசம் நூறாண்டு நீண்டிருக்க வேண்டும். இங்குள்ள பிராமி எழுத்து 3ஆம் நூற்றாண்டினது என்று ஐராவதம் மகாதேவன் கணித்திருக்கிறார். ஒருவர் ஏவ, அகழூரின் அறமாக, மோசி என்பவர் செய்த இருக்கை இது என்கிறது. அந்த அகழூர், நடந்தே போகிற தொலைவில், அகலூர் என்ற பெயரில் இருக்கிறது. இன்றும் அங்கே சமணர்கள் குடியிருக்கிறார்கள். ஆதிநாதர் கோயிலில் பூசை நடக்கிறது.

இதை ஒருமுறை நிதானமாக யோசிக்க வேண்டும். 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஊர் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தது. அந்த ஊரும் அந்த நம்பிக்கையும் அதே இடத்தில் இன்னும் இருக்கின்றன. பல்லவர் இல்லை, சோழர் இல்லை, நாயக்கர் இல்லை, நவாப் இல்லை. அகலூர் இருக்கிறது.

நண்பர்கள் நேபாளத்துக்கு நடைப்பயணம் போய்வந்து படம் காட்டும் காலம் இது. லுக்லாவில் இறங்கி, நாம்சே ஏறி, தெங்போச்சே மடத்தைப் பார்த்து, ஷெர்ப்பா வீடுகளில் தங்கி, மந்திரம் செதுக்கிய கற்சுவர்களை வலம்வந்து திரும்புகிறார்கள். எனக்கும் ஆசை உண்டு. ஷெர்ப்பாக்களின் முன்னோர் திபெத்தின் காம் பகுதியிலிருந்து நாங்பா கணவாய் தாண்டி கும்பு பள்ளத்தாக்குக்கு வந்தது ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பு என்கிறார்கள். தெங்போச்சே மடம் 1916இல் கட்டியது. 1934 நிலநடுக்கத்தில் விழுந்து, 1989இல் தீயில் எரிந்து, மறுபடி எழுந்தது. கும்புவில் உயிர்க்கொலை கூடாது என்பது மரபு. இறைச்சி வேண்டுமென்றால் கீழேயிருந்து சுமந்து வரவேண்டும். இதைக் கேட்டபோதுதான் எனக்குச் செஞ்சி நினைவு வந்தது. கொல்லாமையைச் சட்டமாகக் கொண்ட ஊர்களுக்கு நடந்து போக விமானம் ஏற வேண்டியதில்லை, திண்டிவனம் பேருந்து போதும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நடக்க நடக்க அது பெரிதாகிக்கொண்டே வந்தது. ஷெர்ப்பாக்களுக்கு மலை அரணாக நின்றது. மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏறி வந்து அவர்களை மாற்ற நெடுங்காலம் யாரும் மெனக்கெடவில்லை. இந்த ஊர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சமவெளி. எந்தப் படையும் எந்த வண்டியும் தடையில்லாமல் வரும் நாடு. தேவாரம் வந்தது, பாளையம் வந்தது, பீரங்கி வந்தது. கூப்பிடு தூரத்தில் கோட்டை. இங்கே மறைந்துகொள்ள மலை இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தாரைப் போலவே இருந்து மறைந்துகொண்டார்கள். அதே வேட்டி, அதே சேலை, அதே பொங்கல், அதே வட ஆற்காட்டுத் தென் ஆற்காட்டுப் பேச்சு. தெருவில் பார்த்தால் சமணரான நயினார் வீடு எது, ரெட்டியார் வீடு எது என்று சொல்ல முடியாது. கதவருகே பெயரைப் படித்தால்தான் தெரியும்: ஜினதாஸ், நேமிராஜன், தரணேந்திரன், அப்பாண்டைராஜன். கடைசிப் பெயர் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டையில் உள்ள அப்பாண்டைநாதருடையது. வேறு எந்தச் சாதி வீட்டிலும் கேட்க முடியாத பெயர்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் சுமார் 89,000 பேர். அதில் சவுகார்பேட்டையும் மற்ற நகரங்களின் வடநாட்டு வணிகக் குடும்பங்களும் சேர்த்தி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இந்த உழவர்களைத் தனியாக எண்ணிய பத்தி அதில் கிடையாது. சமணர் என்றதும் நகைக்கடையும் அடகுக்கடையும் நினைவுக்கு வருகிற நகரவாசியிடம், ஏர் பிடித்த சமணர் என்றால் நம்பமாட்டார்.

மேல்சித்தாமூருக்கு நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போக வேண்டும். ஊருக்கு முன்பே கோபுரம் தெரிகிறது, ஏழு நிலை. தெரியாதவர் சிவன் கோயில் என்று கைகூப்பிவிட்டுப் போவார். அதில் தவறொன்றும் இல்லை. சிங்கபுரிப் பார்சுவநாதர் கோயில். கோபுரம் பார்க்கப் பழமையாகத் தோன்றினாலும் 1865இல் அபிநவ ஆதிசேன பட்டாரகர் நன்கொடை திரட்டிக் கட்டியது என்று கல்வெட்டு சொல்கிறது. கும்பினி ஆட்சி போய் விக்டோரியா ஆட்சி வந்த காலத்தில், சில ஆயிரம் உழவர்கள் ஊர் ஊராகப் பணம் கொடுத்து ஏழுநிலைக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். அவ்வளவு நாள் அடக்கி வாசித்தவர்கள் அந்த ஒருமுறை மட்டும் உரக்கப் பேசியதுபோல எனக்குப் பட்டது. உள்ளே ஒற்றைக் கல்லில் நெடிதுயர்ந்த மானத்தம்பம். கோயிலுக்குள் நுழைகிறவரின் செருக்கு அதைப் பார்த்ததும் அடங்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். என் கழுத்து மட்டும் அடங்கியது.

இந்தக் கோயிலைவிட ஊரின் இன்னொரு கோயில், மலைநாதர் கோயில், எனக்குப் பிடித்தது. ஒரு பாறைதான் அதன் மூலம். 9ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தப் பாறையில் பாகுபலியும் தீர்த்தங்கரர்களும் அம்பிகா இயக்கியும் செதுக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் பாறையைச் சுற்றிக் கோயில் எழும்பியது. பாகுபலியின் காலில் கொடி படர்ந்திருக்கிறது. சிரவணபெளகொளாவின் 57 அடிச் சிலை நினைவுக்கு வரும். அது செய்யப்பட்டது 10ஆம் நூற்றாண்டில். இங்கே அவர் ஆள் உயரம்கூட இல்லை, அதற்கும் முந்தியவர், யாரும் அவருக்காக விமானம் பிடித்து வருவதில்லை.

மடம் கோயிலுக்கு அருகிலேயே. ஜினகாஞ்சி மடம் என்பது அதன் பெயர். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்திலிருந்து இங்கே பெயர்ந்து வந்த பீடம். தமிழ்ச் சமணர்களுக்கெல்லாம் தலைமை இடம். பீடத்தில் அமர்கிறவர் லட்சுமிசேன பட்டாரகர் என்றே அழைக்கப்படுவார். மடத்தில் சுவடிகள் உண்டு. சிந்தாமணியும் நாலடியாரும் நன்னூலும் யார் எழுதியவை என்று யோசித்தால், இந்தச் சிறிய சமுதாயத்துக்குத் தமிழ் எவ்வளவு கடன்பட்டது என்பது புரியும். சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடர் இந்தப் பக்கத்துப் பெருமண்டூர்க்காரர் என்பார்கள். 1887இல் உ.வே.சா. சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தாரே, அதற்குமுன் சமண மரபு தெரியாமல் தடுமாறியபோது கைகொடுத்தவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள். இன்றைக்குத் தமிழ் இலக்கிய வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அந்தச் சமுதாயம் ஒரு தேர்வுக் கேள்வி. அவர்கள் வீட்டில் மதியம் என்ன குழம்பு என்று தெரியாது.

மயிலாப்பூரில் கடலோரம் இருந்த நேமிநாதரை, கடல் ஊருக்குள் வந்தபோது இங்கே கொண்டு வந்தார்கள் என்ற மரபும் உண்டு. இப்படி ஓடி வந்தவர்கள், ஓட்டி வந்தவர்கள் கதை இந்த ஊரில் நிறைய. அதில் பெரியது நாயக்கர் கதை. 1906இல் தென் ஆற்காடு மாவட்டக் கையேடு எழுதிய பிரான்சிஸ் அதைப் பதிந்திருக்கிறார். செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்ற நாயக்கர் எல்லா உயர்குடியிலும் பெண் கேட்டாராம். பிராமணர்கள், சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று நழுவினார்கள். சமணர்கள் சரி என்று நாள் குறித்தார்கள். மன்னர் மணக்கோலத்தில் வந்தபோது வீடு காலி. தூணில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது. சினந்த மன்னர் சமணரைக் கண்ட இடத்தில் தலையை வெட்டச் சொன்னார். சிலர் ஊரை விட்டு ஓடினார்கள், பலர் திருநீறு பூசித் தப்பினார்கள். அப்படிப் பூசியவர்களின் வழிவந்தவர்கள் நீறுபூசி வேளாளர் என்று பெயர் பெற்றார்கள்.

கதை அங்கே முடியவில்லை. திண்டிவனம் பக்கம் வேலூரில் குளக்கரையில் அந்திப் பூசை செய்துகொண்டிருந்த ஒரு சமணரைச் சேவகர் பிடித்துப் போனார்கள். அன்று மன்னருக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் தலை தப்பியது. தப்பியவர் சிரவணபெளகொளா போய்ப் படித்து வீரசேனாச்சாரியார் ஆனார். தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்திருந்து, நிலைமை தணிந்தபின் திரும்பி வந்து, வீரசேனரை அழைத்துவந்து, நீறு பூசியவர்களை மறுபடி சமணராக்கினார். அதனால் சமணர் கூடும் இடங்களில் தாயனூர்க் குடும்பத்துக்கு முதல் வெற்றிலை.

கையேடு கொடுக்கும் ஆண்டு 1478. அது பொருந்தாது, செஞ்சியில் நாயக்கர் ஆட்சி தொடங்கியதே 16ஆம் நூற்றாண்டில். ஆண்டு பிசகினால் நிகழ்ச்சியும் பொய் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கதையின் வடிவம் எனக்கு உறுத்துகிறது. இது மதக் கொடுமை என்ற பெயரில் சொல்லப்படும் சாதிக் கதை. பெண் கேட்டவர் தாழ்ந்த குடி என்பதே கதையின் அச்சு. நாயைக் கட்டிவைத்த அவமானத்தை யாரும் தவறாகச் சொல்வதில்லை. தலைவெட்டு மட்டும் கொடுமை. கொல்லாமை பேசுகிறவர்கள் தங்கள் சொந்தக் கதையில் அந்த நாய்க்கு என்ன ஆனது என்றும் சொல்வதில்லை.

இதை நான் கேட்டது ஒரு நயினார் வீட்டுத் திண்ணையில். வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் தயங்கித் தயங்கி நாய் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "எங்க பாட்டி சொல்றப்ப அந்த நாய்க்குச் சோறு வச்சுட்டுத்தான் போனாங்கன்னு சொல்லும் சார்" என்றார். கையேட்டில் இல்லாத வரி. பாட்டிகளுக்கு இந்தக் கேள்வி என்னைவிட முன்பே தோன்றியிருக்கிறது.

நான் இன்னும் கேட்க வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். "மணி ஆறாவப் போவுது. மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க. கதைய அப்புறம் பேசிக்கலாம்." பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. விளக்கில் விழும் பூச்சி இலையிலும் விழும் என்பது பழைய காரணம். மின்விளக்கு வந்தபின்னும் நேரம் மாறவில்லை. சோறு, கத்தரிக்காய் போட்ட சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், மோர். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் எதுவும் கிடையாது. மண்ணுக்கடியில் விளைவதைப் பிடுங்கினால் செடியோடு அதை ஒட்டிய உயிர்களும் போகும். குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வெங்காயம் இல்லாத சாம்பார் சப்பென்று இருக்கும் என்று நினைத்திருந்தவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பெருங்காயத்தின் தாராளம் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

இந்த ஊர்களைக் காத்தது கோபுரமும் இல்லை, மடமும் இல்லை, இந்த நேரம்தான் என்று அந்த இலையின் முன்னால் எனக்குத் தோன்றியது. திருநீறு பூசச் சொன்னால் பூசிக்கொள்ளலாம், பெயரை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். பொழுதிருக்கச் சாப்பிட்டு எழுந்தானா, பொழுதுபோய்ச் சாப்பிட்டானா என்று எந்த அரசனும் அடுப்படிக்கு ஆள் அனுப்பியிருக்க முடியாது.

அந்த நேரத்தை இப்போது குலைப்பது வேறு ஒன்று. பெரியவரின் மகன் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில். அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை, இரவு எட்டு மணிக்கு முன் மேசையை விட்டு எழ முடியாது. "என்னா பண்றது, டிபன் பாக்ஸ்ல கட்டிக்கினு போயி அஞ்சரைக்கு கேண்டீன்ல தனியா குந்தித் தின்றான்" என்றார் அம்மா. மருமகள் பிறந்த வீடும் அகலூர்ப் பக்கம்தான், அதனால் பிரச்சினை இல்லையாம். தெருவில் பாதி வீடு பூட்டு. தேர்த் திருவிழாவுக்குத் திறக்கும், மறுநாள் பூட்டும். கோயில் பூசை உபாத்தியாயர் குடும்பங்களின் பொறுப்பு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் படித்து வேலைக்குப் போகிறார்கள். இதில் யாரைக் குறை சொல்ல?

மறுநாள் தாயனூர் போக எண்ணியிருந்தேன். அந்த முதல் வெற்றிலை இன்னும் நடக்கிறதா என்று நேரில் கேட்க ஆசை. பெரியவர் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, என் குறிப்பேட்டில் தானே பேருந்து நேரங்களை எழுதினார். "செஞ்சி போய் மாறிக்கங்க. காலைல கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம்" என்றார். பிறகு, "அங்கயே யாராவது சாப்பிடச் சொன்னாங்கன்னா மறுக்காதீங்க, ஆனா அஞ்சரைக்குள்ள உக்காந்துடுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.